சைஸ் லேபிளா, லேபிள் சைஸா? ஆறு வாரம் காசு கட்டிப் படித்த ஒரு ஆங்கில வகுப்பு பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வகுப்பின் பெயரை எழுதப் போவதில்லை. நல்லதாக எழுதினால் விளம்பரம் என்பீர்கள், குறை எழுதினால் அவர்கள் போன் போட்டுப் பேசுவார்கள், இரண்டுக்கும் எனக்கு நேரமில்லை. சனிக்கிழமை ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பது வரை, ஆன்லைனில், ஆறு வாரம், கட்டணம் 3,500 ரூபாய். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிடையாது, முழு இலக்கணமும் கிடையாது. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லைச் சுற்றி மற்ற சொற்களை எந்த வரிசையில் அடுக்க வேண்டும், வரிசை மாறினால் அர்த்தம் எப்படிப் புரண்டு போகும், இது ஒன்றுதான் பாடம். இந்தச் சின்ன விஷயத்துக்கு ஆறு வாரமா என்று என் தம்பி சிரித்தான். அந்த லேபிள் மெயில் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், பதினோரு வருஷமாக. வெளிநாட்டு பையர் தரும் ஆர்டரை எடுத்து, நூலில் ஆரம்பித்து அட்டைப்பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் சரி வாங்குவதுதான் வேலை, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மெயில் போகும் வரும். போன வருஷம் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. பின்கழுத்தில் தைக்கிற சைஸ் லேபிளில் '3-4 வயது' என்று அடிப்பதா, ஐரோப்பாவில் போடுகிற மாதிரி உயரத்தை வைத்து '104' என்று அடிப்பதா என்று தெரியவில்லை. எழுதினேன்: 'பிளீஸ் கன்ஃபர்ம் தி லேபிள் சைஸ்'. மறுநாள் பதில் வந்தது, 15-க்கு 40 மில்லிமீட்டர் என்று. அதாவது லேபிள் துண்டின் அகலமும் நீளமும். அதுதான் ஏற்கெனவே டெக் பேக்கில், பையர் தரும் அளவு விவரத் தாளில், இருக்கிறதே, இந்த ஆள் கேள்வியைப் படிக்கவே இல்லை போல என்று எரிச்சலாகி, அதே வரியை மறுபடியும் அனுப்பினேன், இந்தத் தடவை சிவப்பு எழுத்தில். 'ஆஸ் கன்ஃபர்ம்டு' என்று ஒரே வரி வந்தது. லேபிள் அடிக்கிறவர் தினம் இரண்டு தடவை போன் போட்டுக்கொண்டிருந்தார், பவர் டேபிளில், அதாவது தையல் மெஷின் வரிசையில், பீஸ் எல்லாம் கழுத்து மூடாமல் கட்டுக் கட்டாகக் கிடந்தது. நாலாவது நாள் வீடியோ காலில் ஒரு பழைய லேபிளைக் கேமரா முன்னால் பிடித்து, அதில் இருந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினேன். அந்தப் பக்கம் அவர் 'ஓ, தி சைஸ் லேபிள்!' என்றார்.

இரண்டே சொல். இடம் மாறியதில் நாலு நாள் போனது.

அதனால் முதல் வகுப்பின் முதல் பத்து நிமிஷத்திலேயே என் கட்டணத்தில் பாதி எனக்கு வசூலாகிவிட்டது. ஆசிரியர் திரையில் இரண்டு வரி எழுதினார்: பாக்கெட் வாட்ச், வாட்ச் பாக்கெட். முதலாவது, சட்டைப்பையில் வைக்கிற சங்கிலிக் கடிகாரம். இரண்டாவது, ஜீன்ஸின் வலது முன்பாக்கெட்டுக்குள் எதற்கென்றே தெரியாமல் ஒரு குட்டிப் பாக்கெட் இருக்குமே, அது. லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873-இல் ரிவெட் அடித்த பேண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலேயே கடிகாரம் வைக்க அந்தப் பை இருந்திருக்கிறது, கடிகாரம் கைக்குப் போன பிறகும் பை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. துணி வேலை பார்க்கிற எனக்கு இதைவிட நல்ல உதாரணம் யாரும் தந்திருக்க முடியாது. அடுக்கில் கடைசியாக நிற்கிற பெயர்தான் பொருள், அதற்கு முன்னால் நிற்பதெல்லாம் அது எந்த வகை என்று சொல்ல வந்தவை. மில்க் சாக்லேட் என்றால் கையில் சாக்லேட், சாக்லேட் மில்க் என்றால் டம்ளரில் பால். கெஸ்ட் ஹவுஸ் கட்டடம், ஹவுஸ் கெஸ்ட் ஆள். என்ன நீளமான அடுக்கு வந்தாலும் வாலைப் பிடித்துப் பின்னாலிருந்து படி என்றார். மறுநாள் ஆபீஸில் ஒரு பர்ச்சேஸ் ஆர்டரை அப்படிப் படித்துப் பார்த்தேன்: விமன்ஸ் ஆர்கானிக் காட்டன் சிங்கிள் ஜெர்சி ரவுண்ட் நெக் ஆல் ஓவர் பிரிண்ட் டி-ஷர்ட். பொருள் டி-ஷர்ட். என்ன டி-ஷர்ட்? மேல் முழுக்கப் பிரிண்ட் போட்டது. கழுத்து? வட்டம். துணி? சிங்கிள் ஜெர்சி. இப்படி ஒவ்வொரு படியாக முன்னால் ஏறிப் போனால் கடைசியில் யாருக்கு என்பதில் போய் நிற்கிறது. பதினோரு வருஷமாக இந்த வரியை மந்திரம் மாதிரி ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

சரி, இப்போது குறை. ஆசிரியர் தமிழர்தான், பேச்சிலேயே தெரிகிறது. ஆனால் வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசக்கூடாது, தமிழை உதாரணமாகக்கூட எடுக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இந்த விதியால் வீணானது குறைந்தது ஒரு வாரம். ஏனென்றால் 'கடைசிச் சொல்தான் பொருள்' என்பது நமக்குப் புதுசே இல்லை. மாட்டு வண்டி வேறு, வண்டி மாடு வேறு. பால் மாடு தொழுவத்தில் நிற்கும், மாட்டுப் பால் சொம்பில் இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் கத்தரி போடலாம், தோட்டத்து வீட்டில் குடியிருக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தாவுக்குக் கூட இதில் ஒரு நாளும் தடுமாற்றம் வந்ததில்லை. 'நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே ஆங்கிலமும் இந்த ஒரு விஷயத்தில் நடக்கிறது' என்று ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், வகுப்பில் இருந்த இருபது பேரும் தலையாட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்போம். அதை விட்டுவிட்டு லண்டன் பேருந்து, பனிமனிதன், கேக் வகைகள் என்று ஒன்றரை மணி நேரம் ஓட்டினார்.

பள்ளிக்கூடத்தில் இலக்கணப்போலி படித்தது ஞாபகம் இருக்கிறதா? இல்முன் என்பது முன்றில் என்று மாறி வந்தாலும் பொருள் மாறாது என்று சொல்லித்தந்தார்கள், அந்தப் பட்டியலில் நகர்ப்புறம், புறநகர் என்கிற ஜோடியும் உண்டு. பாடப்புத்தகத்தில் அவை ஒன்றுதான். ஆனால் இன்றைக்கு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் என்றால் ஊருக்குள்ளே, புறநகர் ரயில் என்றால் ஊருக்கு வெளியே. வரிசையை மாற்றி ரொம்ப நாள் புழங்கினால் அர்த்தமும் தனியாகக் குடித்தனம் போய்விடுகிறது. இதை வகுப்பில் கேட்க வாய் வந்தது, தமிழ் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

அப்படியானால், இவ்வளவும் காதிலேயே இருக்கிறது என்றால், நான் ஏன் லேபிள் சைஸ் என்று எழுதினேன்? இந்தக் கேள்விக்கு வகுப்பு பதில் சொல்லவில்லை, மூன்றாவது வாரம் பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கும்போது நானே கண்டுபிடித்தேன். என் மண்டைக்குள் ஓடியது 'லேபிள்ல என்ன சைஸ் போடணும்?' என்பது. அந்த 'ல' இருக்கிறதே, அதுதான் லேபிளுக்கும் சைஸுக்கும் என்ன உறவு என்று சொல்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது 'ல'வைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பெயரையும் அதே வரிசையில் தூக்கி வைத்துவிட்டேன். உருபு போனதும் உறவும் போய்விட்டது, படிக்கிறவருக்கு மிச்சம் இருப்பது வரிசை மட்டும்தான், அவர் அதை வைத்து லேபிளின் அளவு என்று படித்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, சிவப்பு எழுத்தில் அனுப்பியதற்கு நான்தான் வெட்கப்பட வேண்டும். தமிழில் இல், கு, ஆல், உடைய என்று ஒட்டி ஒட்டி வாழ்கிறவர்களுக்கு ஆங்கிலப் பெயரடுக்கில் வழுக்குகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். இதை மட்டும் மையமாக வைத்து யாராவது ஒரு வகுப்பு நடத்தினால் இரண்டு வாரம் போதும், நான் முதல் ஆளாகச் சேருவேன்.

படித்தது வேலைக்கு ஆனதா என்றால், ஆனது. இரண்டாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை, புதுசாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கூரியருக்கு ஒரு கவர் ரெடி பண்ணிக்கொண்டிருந்தாள், உள்ளே உள்ளங்கை அகலத்தில் வெட்டிய துணித் துண்டு. பையர் மெயிலைப் பார்த்தால் 'சாம்பிள் ஃபேப்ரிக்' கேட்டிருக்கிறார். சாம்பிள் ரூம் மாஸ்டர் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "அம்மிணி, அவிங்க துணி கேக்கறாங்களா, துண்டு கேக்கறாங்களா?" என்றார். அவர் ஆங்கில இலக்கணம் படித்தவர் இல்லை, ஆனால் கேட்ட கேள்வி ஆறு வாரப் பாடத்தின் சாறு. "துணிங்ணா," என்றேன், "ஃபேப்ரிக் கடைசியில வந்திருக்கு. சாம்பிள் தைக்கறதுக்கு அவங்களுக்குத் துணி வேணும். ஃபேப்ரிக் சாம்பிள்னு இருந்தாத்தான் துண்டு." எத்தனை மீட்டர் என்று கேட்டு ஒரு மெயில் போட்டோம், பத்து நிமிஷத்தில் மூன்று மீட்டர் என்று வந்தது. துண்டு போயிருந்தால் அங்கே போய்ச் சேர ஒரு வாரம், அவர்கள் குழம்ப ரெண்டு நாள், திரும்ப அனுப்ப இன்னொரு கூரியர் செலவு.

மூன்றாவது வாரம் பெயரடைகளின் வரிசை. நம் அபிப்பிராயம் முதலில், அப்புறம் அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், மூலப்பொருள், கடைசியாகப் பயன் என்று ஒரு அட்டவணை. இதை ஒன்றரை வகுப்பு இழுத்தார்கள், எனக்குத் தூக்கம் வந்தது உண்மை. இதில் வரிசை தவறினால் கேட்க ஒரு மாதிரி இருக்குமே தவிர, பெரும்பாலும் அர்த்தம் கெடாது. 'காட்டன் ஒயிட் டி-ஷர்ட்' என்று எழுதினாலும் பையருக்குப் புரிந்துவிடும், ஒரு புன்னகையோடு போய்விடும். நாமும் வெள்ளைப் பருத்திச் சட்டை என்போம், பருத்தி வெள்ளைச் சட்டை என்றால் நாக்கு கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அர்த்தம் கெடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை அட்டவணை காப்பாற்றவில்லை. எங்கள் கம்பெனி ஆன்லைன் கடை ஒன்றுக்கும் சரக்கு தருகிறது, தலைப்பெல்லாம் நான்தான் எழுத வேண்டும். கறுப்பு லெக்கிங்ஸ், பெண்களுக்கானது. அட்டவணைப்படி நிறம் முன்னால், பயன் பொருளை ஒட்டி. அப்படி எழுதினால் 'பிளாக் விமன்ஸ் லெக்கிங்ஸ்' என்று வருகிறது. இதை அமெரிக்காவில் ஒருவர் படித்தால் கறுப்பினப் பெண்களுக்கான லெக்கிங்ஸ் என்று படிக்க முழு உரிமை இருக்கிறது. அதனால் கடைக்காரர்கள் 'விமன்ஸ் பிளாக் லெக்கிங்ஸ்' என்று போட்டுவிடுகிறார்கள், அட்டவணையை மீறித்தான், அதுதான் சரி. இதே மாதிரி 'ஓல்டு மென்ஸ் ஷூஸ்' என்றால் கிழவர்கள் போடும் ஷூவா, ஆண்கள் போட்டுப் பழசான ஷூவா? 'லைட் புளூ ஜாக்கெட்' என்றால் வெளிர்நீலமா, எடை குறைந்த நீல ஜாக்கெட்டா? லெக்கிங்ஸ் கேள்வியை வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் ஒரு நிமிஷம் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், 'வில் கம் பேக் டு யூ' என்றார். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன், மழுப்பாமல் விட்டாரே.

உண்மையில் காசுக்கு மதிப்பு நாலாவது வாரம்தான். அதுவரை பெயருக்கு முன்னால் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தோம், இந்த வாரம் பெயருக்குப் பின்னால் வருகிற ஒற்றைச் சொற்கள். இங்கே தமிழ் நமக்குத் துணைக்கு வராது, ஏனென்றால் நமக்கு எல்லாமே முன்னால்தான், நேற்று வந்த பெண், கிழிந்த சட்டை, சம்பந்தப்பட்ட அதிகாரி. அந்தக் கடைசி ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் ஊர் அரசுக் கடிதம், பேங்க் கடிதம், கம்பெனி மெயில் எதை எடுத்தாலும் 'தி கன்சர்ன்டு ஆபீசர்' என்று இருக்கும். சம்பந்தப்பட்ட அதிகாரி என்பதை அப்படியே வரிசை மாறாமல் தூக்கி வைத்தது. இங்கிலாந்துக்காரர் காதுக்கு அது கவலையாக இருக்கிற அதிகாரி. சம்பந்தப்பட்டவர் என்று சொல்ல அவர்கள் 'தி ஆபீசர் கன்சர்ன்டு' என்று பின்னால் போடுவார்கள். எத்தனை வருஷமாக நான் 'உங்கள் புகாரைக் கவலைப்படும் நபருக்கு அனுப்பிவிட்டேன்' என்று ஐரோப்பா முழுக்க எழுதிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது. ஆசிரியர் இதைத் தப்பு என்று சிவப்புக் கோடு போட்டார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், இந்தியாவுக்குள் இது ஊறிப்போன வழக்கு, டெல்லியிலிருந்து கன்னியாகுமரி வரை ஒருவரும் தவறாகப் படிக்கப் போவதில்லை. வெளியே போகும் மெயிலில் மட்டும் மாற்றிக்கொண்டேன்.

இதைவிடக் கனமான ஜோடி 'பிரசென்ட் மெம்பர்ஸ்', 'மெம்பர்ஸ் பிரசென்ட்'. முன்னால் நின்றால் இப்போதைய உறுப்பினர்கள், பின்னால் நின்றால் இங்கே வந்திருக்கும் உறுப்பினர்கள். நம் அரசியல் சாசனத்தைத் திருத்த 368-ஆவது பிரிவு என்ன கேட்கிறது? அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதோடு அன்றைக்கு அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த 'வந்து வாக்களிப்பவர்கள்' என்பது ஆங்கில மூலத்தில் மெம்பர்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால்தான் 'பிரசென்ட் அண்ட் வோட்டிங்' என்று நிற்கிறது. அந்த பிரசென்ட்டைத் தூக்கி முன்னால் வைத்தால் லீவு போட்டு வீட்டில் இருக்கிறவரும் கணக்கில் வந்துவிடுவார். ஒரு சொல்லின் இடத்தில் இவ்வளவு எடை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ரெஸ்பான்சிபிளும் இந்தச் சாதிதான்: முன்னால் வந்தால் பொறுப்பான மனிதர், பின்னால் வந்தால் அந்தக் காரியத்துக்கு யார் காரணமோ அவர். சாயம் திட்டுத் திட்டாக வந்த ஒரு ஆர்டரில் பையர் 'தி பர்சன் ரெஸ்பான்சிபிள்' யார் என்று கேட்க, நான் எங்கள் டையிங் மாஸ்டர் எவ்வளவு பொறுப்பானவர் என்று நாலு வரி புகழ்ந்து எழுதிய பழைய மெயில் ஒன்று இன்னமும் என் சென்ட் ஃபோல்டரில் இருக்கிறது.

பொதுவாக முன்னால் வருவது நிரந்தரக் குணம், பின்னால் வருவது அந்த நேரத்து நிலை என்று ஆசிரியர் சொன்னார், நட்சத்திரத்தை வைத்து. 'விசிபிள் ஸ்டார்ஸ்' என்றால் கண்ணுக்குத் தெரியக்கூடிய வகை நட்சத்திரங்கள், பகலிலும் அவை அந்த வகைதான். 'ஸ்டார்ஸ் விசிபிள்' என்றால் இன்றைக்கு ராத்திரி, இந்த மேகத்துக்கு நடுவில், தெரிகிறவை. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, அதையும் அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு.

இதே வாரத்தில் அட்டர்னி ஜெனரல் வகையறாவும் வந்தது. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டமும் நிர்வாகமும் நெடுநாள் பிரெஞ்சில் நடந்ததால், பெயருக்குப் பின்னால் அடை போடும் அந்தப் பழக்கம் இந்த மாதிரிப் பெயர்களில் தங்கிவிட்டது, கோர்ட் மார்ஷல், நோட்டரி பப்ளிக் எல்லாம் அப்படி வந்தவைதான். அட்டர்னிதான் ஆள், ஜெனரல் அடை. அதனால் பன்மை 'அட்டர்னிஸ் ஜெனரல்'. நாம் தமிழில் தலைமை வழக்கறிஞர் என்று திருப்பிப் போட்டு அழகாக வைத்துக்கொண்டோம். ஆனால் மேஜர் ஜெனரலில் ஜெனரல்தான் ஆள், பன்மை 'மேஜர் ஜெனரல்ஸ்'. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு அடுக்கு, தலை மட்டும் வேறு வேறு பக்கம். பனியன் கம்பெனிக்கு இதனால் பத்து பைசா பிரயோஜனம் இல்லை, ஆனால் வகுப்பிலேயே நான் அதிகம் ரசித்த இருபது நிமிஷம் இதுதான்.

ஐந்தாவது வாரம் அழுத்தமும் இணைப்புக்கோடும். இதை ரொம்ப அவசரமாக முடித்துவிட்டார்கள், எனக்கு உண்மையிலேயே கோபம். வரிசை மாறாமலேயே அர்த்தம் மாறுகிற இடம் இது. 'இங்கிலீஷ் டீச்சர்' என்பதில் முதல் சொல்லை அழுத்தினால் ஆங்கிலம் சொல்லித்தருகிறவர், இரண்டாவதையும் சேர்த்து அழுத்தினால் இங்கிலாந்து நாட்டு ஆசிரியர். எழுத்தில் இந்த அழுத்தம் தெரியாது. நமக்கு ஒற்று இருக்கிறது, கீரைக்கடை என்றால் சந்தையில் இருக்கும், கீரை கடை என்றால் மத்தை எடுக்க வேண்டும், வேலைக் கொடு என்றால் முருகன் கையில் இருப்பது, வேலை கொடு என்றால் என் தம்பி கேட்பது. அவர்களுக்கு அந்த வேலையை எழுத்தில் ஓரளவு இணைப்புக்கோடு செய்கிறது. பேக்கிங் செக்ஷனுக்கு இது உயிர்நாடி. 'ட்வென்டி ஃபோர் பீஸ் பேக்ஸ்' என்று வாயால் சொன்னால் நாலு பீஸ் போட்ட பாக்கெட் இருபதா, இருபத்து நாலு பீஸ் போட்ட பாக்கெட்டா? முதலாவது என்றால் மொத்தம் 80 பீஸ். இரண்டாவது என்றால் ஒரு பாக்கெட்டிலேயே 24, எத்தனை பாக்கெட் என்று சொல்லவே இல்லை. இணைப்புக்கோடு எங்கே விழுகிறது என்பதுதான் வித்தியாசம். 'ஃபைவ் த்ரீ-பேக்ஸ்', 'த்ரீ ஃபைவ்-பேக்ஸ்' இரண்டிலும் பீஸ் 15 தான், ஆனால் பாலிபேக் எண்ணிக்கை வேறு, பெட்டி அளவு வேறு, ஸ்டிக்கர் வேறு. நான் இப்போதெல்லாம் பேக்கிங் அண்ணனுக்கு வார்த்தையில் எழுதுவதே இல்லை, பெட்டி போட்டுப் படம் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். அவரும் "இப்படி அனுப்புங்க்கா, தொல்லை இல்ல" என்கிறார்.

ஆறாவது வாரம் எங்களுடைய சொந்த மெயில்களைக் கொண்டுவரச் சொல்லித் திருத்தினார்கள். இது நல்ல யோசனை, இதை முதல் வாரமே ஆரம்பித்திருக்க வேண்டும். என் மெயிலில் 'பிளாஸ்டிக் ஹேங்கர் பாக்ஸ்' என்று ஒன்று இருந்தது, பெட்டி பிளாஸ்டிக்கா, ஹேங்கர் பிளாஸ்டிக்கா என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் ஊரில் இரண்டுமே பிளாஸ்டிக்தான். மூன்று பெயர் அடுக்கானால் எந்த இரண்டு கூட்டாளி என்ற சந்தேகம் வரும், வந்தால் வெட்கப்படாமல் அடுக்கை உடைத்து 'ஃபார்' போட்டு 'எ பாக்ஸ் ஃபார் பிளாஸ்டிக் ஹேங்கர்ஸ்' என்று நீட்டி எழுதிவிடு என்றார். பழைய புத்தகக் கடையும் அப்படித்தானே, கடை பழசா புத்தகம் பழசா என்று நாம் சூழலை வைத்துத்தான் பிடிக்கிறோம்.

சேவை எப்படி என்றால் சுமார். 64 பக்க பிடிஎஃப் தந்தார்கள், உதாரணங்கள் எல்லாம் பனியும் பிக்னிக்கும், நம் வாழ்க்கையில் இல்லாத சாமான்கள். வீட்டுப்பாடத்தை உதவியாளர்கள் திருத்துகிறார்கள், சரி, தப்பு என்று டிக் மட்டும், ஏன் தப்பு என்று கேட்டால் 'ரெஃபர் பேஜ் 31'. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படங்கள்தான் அதிகம், நான் மூன்றாம் நாளே மியூட். ரெக்கார்டிங் முப்பது நாள்தான் திறந்திருக்கும், அதைச் சேரும்போது சொல்லவில்லை, ஐந்தாவது வாரத்தில்தான் தெரிந்தது. அழுத்தம் பற்றிய வகுப்பை மறுபடி கேட்கலாம் என்று ஷிப்மெண்ட் வேலை எல்லாம் முடித்துவிட்டுப் போனால் பூட்டிவிட்டார்கள். கேட்டதற்கு 500 ரூபாய் கட்டினால் திறப்போம் என்றார்கள். கட்டவில்லை.

யாருக்கு இது தேவைப்படும்? வெளிநாட்டுக்கு மெயில் எழுதுகிறவர்கள், ஆன்லைன் கடைக்குத் தலைப்பு எழுதுகிறவர்கள், ஆங்கிலத்திலிருந்து சட்டமோ மருத்துவமோ மொழிபெயர்க்கிறவர்கள் சேரலாம், அந்த நாலாவது வாரம் ஒன்றுக்காகவே. பேசப் பழக வேண்டும் என்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டாம், அந்த அட்டவணையைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள். ஐந்துக்கு மூன்றரை தருவேன், தமிழைக் கதவுக்கு வெளியே நிறுத்தியதற்காக ஒன்று, ரெக்கார்டிங்குக்காக அரை குறைத்துக்கொண்டேன். அடுத்த பேட்சுக்குக் கட்டணத்தை 4,200 ஆக்கியிருக்கிறார்கள் என்று குழுவில் பார்த்தேன், சேருகிறவர்கள் ரெக்கார்டிங் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

லெக்கிங்ஸ் கேள்விக்கு, வகுப்பு முடிந்து பத்து நாள் கழித்து ஆசிரியர் தனியாகப் பதில் அனுப்பினார். 'நீங்கள் சொன்னது சரி, அட்டவணையில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன்' என்று, தமிழில்.